சுருதி சேர்க்கவில்லை

ஆரம்பித்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை. தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டு நான்காம் தந்தியின் மேல் வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள், ஒரு முழு வில் முடிய முக்கால் நிமிடம் பிடிக்கும்படி அத்தனை மெதுவாக. இடது கை வாசிக்கிற இடத்தில் இல்லை, வயலினின் தலைப்பக்கம் போய்த் தந்தியை முறுக்கும் பிருடையைப் பிடித்து அதை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்திக்கொண்டிருந்தது. தந்தி தளரத் தளர ஓசை மந்தர சட்ஜத்தை விட்டு இறங்கி, எந்த ராகத்திலும் பெயரில்லாத இடங்கள் வழியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் போகிறது. நேற்று வீட்டில் வாசித்ததைவிட நன்றாகவே போகிறது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் மருமகளின் வளைகாப்பு எந்த மண்டபத்தில் என்று பக்கத்து அம்மாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தில்லைநகர் என்கிறாள், எத்தனையாவது குறுக்குத் தெரு என்று மற்றவள் கேட்கிறாள், அது இவளுக்கு நினைவு வரவில்லை, நினைவு வராததைப் பற்றியும் பேசுகிறாள். பேசட்டும். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், மேடையேறியதும் எண்ணிவிட்டாள், எண்ணக்கூடாது என்று எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லியும் கண் எண்ணிவிடுகிறது. திருச்சியில் மாசி மாத மாலை நாலு மணிக்குத் தனி வயலின் கேட்க முப்பத்தெட்டுப் பேர் வந்ததே பெரிது. அவர்களைக் கட்டிப்போட வேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லை, கட்டிப்போடுவது பாம்பாட்டியின் வேலை. ஆனாலும் மூன்று நிமிடமா. ஒருவருக்குக்கூடவா காது இல்லை. வெறுப்பு என்றால் முகத்தைச் சுளிக்கட்டும், எழுந்து போகட்டும், அதற்கெல்லாம் அவள் தயாராகத்தான் வந்திருக்கிறாள், ராத்திரி படுக்கையில் ஒவ்வொரு அவமானமாக எடுத்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இப்படி அவள் அங்கே இல்லாத மாதிரி வளைகாப்பு பேசுவதை மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. வில்லின் நுனி நெருங்குகிறது. திருப்புகிற இடம் தெரியக்கூடாது. திருப்பினாள், தெரியவில்லை, அது யாருக்கும் தெரியவில்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

முன்வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் சேஷாத்திரிநாதன் உட்கார்ந்திருக்கிறார். கண்ணைத் திறக்காமலே அவர் இருக்கும் திசை அவளுக்குத் தெரியும், பதினேழு வருடமாக அவர் பாட அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள், அந்த ஆள் மூச்சு இழுப்பதை வைத்தே எந்தச் சுவரத்தில் இறங்குவார் என்று சொல்லிவிடுவாள். அவர் பாடியதை அரை மூச்சு பின்னால் வாசிக்க வேண்டும், முந்தினால் திமிர், பிந்தினால் மந்தம். அவர் தப்பினால் கூடவே தப்ப வேண்டும். கும்பகோணத்தில் ஒருமுறை அப்படித்தான், பெரிய ராகம், சபை நிறைந்து வழிகிறது, அவர் களைப்பில் தொடக்கூடாத ஒரு சுவரத்தைத் தொட்டுவிட்டார், தொட்டதும் அவருக்கே முகம் வெளுத்தது. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அதே சுவரத்தை அதைவிட அழுத்தமாக, வேண்டுமென்றே தேடிப் பிடித்த மாதிரி வாசித்துக் காட்டினாள், சபை கை தட்டியது, மறுநாள் பத்திரிகையில் அதைத் துணிச்சலான பிரயோகம் என்று எழுதினார்கள். கச்சேரி முடிந்து காரில் அவர் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார், அவ்வளவுதான். அதற்கு மேல் அவளும் எதிர்பார்க்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. அவள் பிரசவத்துக்குப் போன நாலு மாதம் வேறு ஆளை வைத்துச் சமாளித்தவர், திரும்பி வந்த அன்றே அந்த ஆளை அனுப்பிவிட்டு ஜமுக்காளத்தில் தன் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார், வா உட்கார் என்று. அதே மனிதர்தான் போன செவ்வாய்க்கிழமை தன் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்னார், "நீ வாசிச்சுக்கோ தையல், நான் வேண்டாங்கல. ஆனா அதுக்கப்பறம் நீ எம்பக்கத்துல ஒக்காந்தா ஜனங்க ஒன்னைத்தான் பாப்பா. அன்னிக்கு என்னமோ கீறினாளே அந்தப் பொண்ணும்பா. என் பாட்டு எடுபடாது. யோசிச்சுக்கோ." யோசிச்சுக்கோ என்று அவர் சொன்னால் அவர் யோசித்து முடித்துவிட்டார் என்று பொருள். "யோசிச்சுட்டேண்ணா" என்றாள். அவர் சிரித்தார், குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "சரி, வாசி. ஆனா வாசிக்கறதுக்கு முன்னாடி மைக்ல நாலு வார்த்தை சொல்லிடு. இது ஒரு சோதனை முயற்சி, பெரியவா மன்னிக்கணும்னு. மன்னிச்சுடுவா, நம்ம ஜனங்க நல்லவா." மன்னிப்புக் கேட்டுவிட்டு வாசிக்க அவள் என்ன யார் வீட்டுக் கண்ணாடியையாவது உடைத்துவிட்டாளா. மாட்டேன் என்று அங்கே சொல்லவில்லை, அங்கே தலையை ஆட்டினாள், படியிறங்கி வண்டியைக் கிளப்பும்போதுதான் மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள், எதிர்வீட்டு வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

தந்தி இப்போது தொளதொளவென்று ஆகிவிட்டது, வில் பட்டால் கம்பி அடியிலுள்ள கருப்பு விரல்பலகையில் உராய்ந்து படபடக்கிறது, அந்தப் படபடப்பு அவளுக்கு வேண்டும், அதற்குத்தான் இத்தனை நேரம் இறக்கினாள். இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லப்போகிறார்கள், சொல்லியும் விட்டார்கள். எங்கிருந்து வெளிநாடு. நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிக்கிறவர்கள் இப்படி இழுத்துக்கொண்டே பிருடையைத் திருகிப் பார்க்கட்டும், வயலின் கீழே விழும். கீழே சம்மணமிட்டு, வலது காலை நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வைத்திருக்கிற நம் உட்காரலுக்குத்தான் இடது கை இப்படிச் சும்மா கிடைக்கிறது. அந்தக் கால் இப்போது மரத்துப் போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். இந்தச் சத்தங்களை அவள் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. எல்லாம் இந்த மரப்பெட்டிக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருந்தவை. வில்லைத் தந்தியில் வைத்ததும், நாதம் பிறப்பதற்கு முன்னால், ஒரு சின்ன உரசல் உண்டு. வில்லைத் திருப்பும்போது ஒரு கிறீச் உண்டு. விரல் வழுக்கும்போது ஒரு முனகல் உண்டு, அதை அடக்கத்தான் விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது. பத்து வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி, வாசிப்பது எப்படி என்பதல்ல, இதையெல்லாம் காதில் விழாமல் செய்வது எப்படி என்பதுதான். முப்பத்திரண்டு வருடம் மறைத்தாள். மறைத்து மறைத்து அவற்றை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை என்று ஆகிவிட்டது. பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு சாதாரண நாள், பருப்பு குக்கரில் இருக்கிறது, சாதகம் செய்துகொண்டிருந்தவள் ஒரு கிறீச்சை அடக்காமல் விட்டுப் பார்த்தாள். விட்டதும் அது தொடர்ந்தது. அதற்கு ஒரு போக்கு இருந்தது. குக்கர் எத்தனை விசில் போட்டது என்று தெரியவில்லை, பருப்பு குழைந்து கூழானது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதால் இல்லை, சொன்னால் குறைந்துவிடும் என்பதால். அந்தச் சத்தங்களை இரண்டு வருடம் எழுதினாள், கோடுபோட்ட நோட்டில், அவளே ஏற்படுத்திக்கொண்ட குறிகளில். கீழ்வீட்டுப் பெண் ஒருநாள் படியேறி வந்து, "அக்கா, மிக்ஸி ரிப்பேரா? எங்க வீட்டுக்காரர் பாத்துக் குடுப்பாரு" என்று கேட்டாள். வேண்டாம்மா, நல்லா ஓடுது என்று சொல்லி அனுப்பினாள். பிறகு சபாவிலிருந்து அழைப்பு வந்தபோது ஒரு பத்திரிகைக்காரர் போனில் கேட்டார், நீங்கள் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவராமே, அப்பா ஒர்க்‌ஷாப்பில் கடைசல் பிடிப்பவராமே, அப்படியானால் இந்தச் சத்தங்கள் எல்லாம் அந்தத் தொழிற்சாலையின் வேதனையா என்று. அவருக்கு எழுத ஒரு வேதனை வேண்டியிருந்தது. அப்பா ஒர்க்‌ஷாப்பில் சந்தோஷமாக இருந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாடினார், ஓய்வு பெற்ற அன்று அழுதார். "இல்லைங்க" என்றாள், "இது வில்லும் தந்தியும் உரசுறது. வேற ஒண்ணும் இல்ல." அவர் அதை எழுதவில்லை.

மூன்றாம் தந்திக்கு மாறினாள். இதையும் இறக்க வேண்டும், இது மூன்று நிமிடம். இப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், தணித்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சபேசன் பேசுகிறார். ஓய்வுபெற்ற எஞ்சினியர், இந்த சபாவின் கச்சேரி எதையும் விடாதவர், தாளம் போடத் தொடையைத் தட்டித் தட்டி வேட்டியில் அந்த இடம் மட்டும் நைந்திருக்கும் என்று மிருதங்கக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் பக்கத்து ஆளிடம் சொல்கிறார், "மெதுவா சேத்துக்கட்டும் சார். ஏசி காத்து நேரா அடிக்குது, தந்தி எறங்கத்தான் செய்யும்." பக்கத்து ஆள், "ஆனா ரொம்ப நேரமா சேக்கிறாங்களே" என்கிறார். அதற்குச் சபேசன், "சுத்த சுருதி வேணும்கிறவங்க. அந்தக் கவலை இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு." பின்னாலிருந்து யாரோ போனில், "சபாலதான் இருக்கேன், இன்னும் ஆரம்பிக்கல, பிருடைதான் திருகிட்டிருக்காங்க." தையல்நாயகிக்கு அப்போதுதான் புரிந்தது. சுருதி சேர்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு நிமிடமாக. இரண்டு வருடம் ஒவ்வொரு நொடியையும் யோசித்தவள், கைக்குட்டையை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை யோசித்தவள், இதை யோசிக்கவில்லை. மேடையில் ஏறுகிறாள், உட்காருகிறாள், மெதுவாக வில் போட்டுக்கொண்டு பிருடையைத் திருகுகிறாள், இந்த ஊரில் அதற்கு வேறு என்ன அர்த்தம். அவர்களை நொந்து என்ன பயன், அவளே கீழே உட்கார்ந்திருந்தால் அவளும் வளைகாப்புதான் பேசியிருப்பாள். சிரிப்பு வந்தது, நெஞ்சுக்குள் குலுங்கியது, வயலின் நெஞ்சில் சாய்ந்திருப்பதால் அது தந்தியில் கேட்டுவிடுமோ என்று பயந்தாள், கேட்டால் கேட்கட்டும், நோட்டில் எழுதாத நல்ல சத்தம்தான். ஆக வெறுப்பில்லை. மரியாதை. அவள் சுருதிச் சுத்தத்தின் மேல் அவர்களுக்கு இருக்கிற மரியாதை. பதினேழு வருடம் சம்பாதித்த நல்ல பெயர் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு அவளைக் கேட்கவிடாமல் செய்கிறது. சிரிப்பு அடங்கியதும் அவமானம் வந்தது, சிரிப்பைவிடச் சூடாக. நிறுத்திவிட்டுச் சொல்லலாமா, ஐயா, அம்மா, இதுதான் கச்சேரி என்று. சேஷாத்திரிநாதனுக்குத் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் பக்கத்து ஆளிடம் திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னேனே, கேட்டாயா என்று அந்த முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஓரக்கண்ணால் பார்த்தாள், நிமிர்ந்துதான் இருந்தது. சொல்ல மாட்டாள். மூன்றாம் தந்தி இறங்கி முடியப் போகிறது, அடுத்தது வந்தால் அவர்களுக்கே தெரியும், அதைச் சுருதி சேர்ப்பது என்று எவராலும் சொல்ல முடியாது.

முடியவில்லைதான். மேல் தந்திகள் இரண்டிலும் வில்லை அழுத்தி, நகர்த்துகிறோமா இல்லையா என்று தெரியாத வேகத்தில் நகர்த்தினாள், நாதம் உடைந்து ஒவ்வொரு மயிராகத் தந்தியில் சிக்கி விடுபடுகிற ஓசை வந்தது, கிர், கிர், கிர், எண்ணிவிடலாம் போல. பேச்சு நின்றது. வளைகாப்பு அம்மாள் காதைப் பொத்தினாள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள், அவளுக்குப் பயம்தான், ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது, கடைசியில் என் பக்கம் திரும்பினீர்களா என்கிற ஒரு கொழுப்பு. இன்னும் அழுத்தினாள். மணிக்கட்டு வலித்தது. இந்த இடத்தில் வலிக்கும் என்று தெரியும், வலி வரும்போது தோளைத் தளர்த்த வேண்டும், தளர்த்தினாள், ஓசை ஒரு படி இறங்கி மாட்டின் அடிவயிற்று உறுமல் போல ஆனது, அது, அதுதான், இரண்டு வருடத்தில் நாலே முறை வந்திருக்கிறது, இன்றைக்கு வந்துவிட்டது. இனி யார் போனாலும் சரி. வந்துவிட்டது. அப்போது மேடைப் படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சபாவின் செயலாளர் வெங்கடவரதன், கதர்ச் சட்டை, கையில் சீட்டு, யாருக்கும் தெரியாமல் வருவதாக நினைத்துக்கொண்டு குனிந்தபடி மேடையில் நடந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார். நல்ல மனிதர், வித்வான்களுக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால்கூடக் கவலைப்படுகிறவர். "என்னம்மா, பிருடை வழுக்கறதா? வேற வயலின் ஒண்ணு ஆபீஸ் ரூம்ல இருக்கு, எடுத்துண்டு வரச் சொல்லட்டுமா?" என்று காதோரம் கேட்டார். அவள் வில்லை நிறுத்தாமல் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பதட்டப்படாதேம்மா, எல்லாம் நம்ம மனுஷாதான்." மறுபடி தலையை ஆட்டினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, காரணம் புரிந்துவிட்ட வெளிச்சம், மேடை ஓரத்தில் போன கச்சேரிக்கு வைத்த சுருதிப் பெட்டி அணைந்து கிடந்தது, அடடா, பாவம், இதைப் போடாமல் அந்தப் பெண் எப்படிச் சேர்க்கும். முழங்காலாலேயே நகர்ந்து போய் அதன் பொத்தானை அழுத்தினார். அங்கே ஓரத்தில் இருந்த மைக் பக்கம் அதை நகர்த்தியும் வைத்தார்.

தம்புராவின் ஓசை அரங்கம் முழுக்க நிறைந்தது. சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மூச்சாய் விட்ட மூச்சு மேடைவரை கேட்டது, அவளும் விட்டாள், அதுதான் கொடுமை, அவள் உடம்பும் விட்டது. தோள் இறங்கியது. வில் தானாக இலகுவானது. இரண்டாம் தந்தி இன்னும் சுருதியில்தான் இருக்கிறது, அதன்மேல் இடது கைச் சுட்டுவிரல் போய் உட்கார்ந்தது, யாரும் போகச் சொல்லவில்லை, வீடு திரும்புகிற மாடு மாதிரி அதுவாகப் போனது, தோடி ராகத்தின் காந்தாரத்தில் போய் அசைந்தது. ஓர் அசைவு. அதிலிருந்து அடுத்தது. சபேசன் "பலே" என்றார், தளும்பிய குரலில், பாவம் பத்து நிமிடம் காத்திருந்த மனிதர். அவர் கை தொடையைத் தட்டுவதற்குத் தயாராக மேலே எழுந்தது. எவ்வளவு சுலபம். இப்படியே போனால் போதும், கால் மணி நேரம் தோடி, பிறகு ஒரு கீர்த்தனை, கடைசியில் சின்னதாக ஒன்று, ஐந்து மணிக்கு மங்களம், காபி. நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும், பாவம், வயலினில் ஏதோ கோளாறு, செயலாளர் பெட்டியைப் போட்டதும் சரியாகிவிட்டது. அந்த உறுமலையும் கோளாறு கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அடுத்த வாரம் மதுரையில் ஜமுக்காளத்தின் இடது பக்கம் அவளுக்காக இருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தாள். சேஷாத்திரிநாதனும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், மெதுவாக, அன்பாக, வந்துட்டியா, வா என்று, அந்த முகத்தில் பொய் இல்லை, உண்மையாகவே நிம்மதி. தோடி அத்தனை நன்றாக வந்தது. அவள் வாசித்த தோடிகளிலேயே இது நல்ல தோடியாக இருக்கக்கூடும், அதுவும் இப்போதுதானா வர வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை நிறுத்துவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் இது யார் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. பெட்டி கொடுத்தது, கை எடுத்தது, சபை கேட்டது, அவர் தலையாட்டினார். இதில் அவள் எங்கே. அரை மூச்சு பின்னால். மறுபடியும் அரை மூச்சு பின்னால், இந்த முறை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு. கும்பகோணத்தில் அவர் தப்பை மூட அவள் கூடத் தப்பினாள், அது அவளாகச் செய்தது, அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. இன்றைக்கு எந்தத் தப்பை மூட வாசிக்கிறாள். தன்னையே மூடவா. கோபம் வந்தது, அடிவயிற்றிலிருந்து, சுத்தமான கோபம், வெங்கடவரதன் மேல் இல்லை, சேஷாத்திரிநாதன் மேல்கூட இல்லை, இத்தனை அழகாக வாசித்துக்கொண்டிருக்கிற தன் கையின் மேல்.

வில்லைத் தூக்கினாள். தோடி பாதியில், ஒரு சுவரத்திலும் நிற்காமல், அந்தரத்தில் அறுந்தது. அவர் தலை ஆடிய நிலையில் நின்றது. சுருதிப் பெட்டி மட்டும் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. வயலினை ஜமுக்காளத்தில் படுக்க வைத்துவிட்டு, கை எட்டவில்லை, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு தவழாத குறையாக நகர்ந்து போய் அந்தப் பெட்டியை அணைத்தாள். பார்க்க நன்றாக இருந்திருக்காது, பட்டுப்புடவை கசங்கி, ஒரு கையை ஊன்றி. திரும்ப வந்து உட்கார்ந்தாள். வெங்கடவரதன் படியருகே செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றார். வயலினுக்கு வைத்த மைக்கை வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டாள். "நான் சுருதி சேக்கல" என்றாள். குரல் அவளுக்கே கரகரப்பாகக் கேட்டது, ஒருமுறை செருமிக்கொண்டாள். "வந்து உக்காந்ததுமே வாசிக்க ஆரம்பிச்சுட்டேன். நீங்க கேட்டது எல்லாம் நான் எழுதினது. நடுவுல வந்த தோடி மட்டும் நான் எழுதினது இல்ல, அது கை தவறி வந்துடுச்சு." யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கக்கூடாதோ என்று நிறுத்தினார்கள். சபேசன் கை இன்னும் தொடைக்கு மேலே நின்றது, அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "இருபத்திரண்டு நிமிஷம் இது. பாதியில நின்னதால மறுபடி முதல்லேர்ந்து வாசிக்கப் போறேன். போகணும்ங்கிறவங்க தாராளமா போகலாம், எனக்கு வருத்தம் இல்ல." கடைசியில் சொன்னது பொய், வருத்தம் இருந்தது, நிறைய இருந்தது. மன்னிக்கவும் என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, பழக்க தோஷம், பல்லைக் கடித்து விழுங்கினாள்.

முதலிலிருந்து வாசிக்க வேண்டுமானால் இறக்கிய தந்திகளை ஏற்ற வேண்டும். இப்போது உண்மையிலேயே சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். மூன்றாம் தந்தி, பிறகு நான்காம் தந்தி, சின்னச் சின்ன வில்லாகப் போட்டு, பிருடையைத் திருகி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி திருகி, சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை யாரும் கவனிக்காமல் செய்த வேலை. அரங்கம் மூச்சு விடவில்லை. வளைகாப்பு அம்மாள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவள் போல உட்கார்ந்திருந்தாள், போன் பேசிய ஆள் பேசவில்லை, சபேசன் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, இந்த முறை எதையும் தவறவிடக்கூடாது என்று ஒவ்வொரு திருகலையும் கேட்டார். மந்தர சட்ஜமும் வந்து சேர்ந்து, நாலு தந்தியும் ஒன்றாய் ஒலித்து அவள் வில்லை எடுத்ததும் ஒருவர் தட்டினார். சபேசன்தான். பக்கத்து ஆளும் தட்டினார். இரண்டு மூன்று பேர். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இந்த முறை அடக்கவில்லை, மைக்கில் கேட்கும்படியே சிரித்தாள். "ஐயா, இது சுருதி சேத்ததுதான்" என்றாள். சபேசனும் சிரித்தார், காது சிவந்துபோய், "சரிம்மா, நீ வாசி, நாங்க கேக்கறோம்" என்றார். எட்டுப் பத்துப் பேர் எழுந்து போனார்கள், அவள் எண்ணவில்லை. பிறகு சேஷாத்திரிநாதன் எழுந்தார். அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, யார் மீதும் இடிக்காமல், நிதானமாக நடைபாதையில் நடந்தார். கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நின்று திரும்பி அவளைப் பார்த்தார். கச்சேரி முடிந்த இரவுகளில் அப்படித்தான் பார்ப்பார், கிளம்பலாமா என்று, அவள் பெட்டியை மூடிக்கொண்டு பின்னாலேயே போவாள். அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. இனி மதுரைக்கு வேறு யாராவது போவார்கள், அந்த இடது பக்கத்தை வேறு யாருக்காவது தட்டிக் காட்டுவார், அந்தப் பெண் நன்றாகவே வாசிப்பாள், நன்றாக இருக்கட்டும். அண்ணா என்று கூப்பிட்டுவிடுவோமோ என்று பயந்து உதட்டை இறுக்கினாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காம் தந்தியின் மேல் வில்லை வைத்து, கட்டைவிரலைப் பிருடையில் ஊன்றி, இறக்க ஆரம்பித்தாள்.